பீட்சா விற்றுப் பாதிரியார் ஆவது எப்படி?

இந்தக் கையேடு அவசரக்காரர்களுக்கு உதவாது. செய்து முடிக்க ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பிடிக்கும். நடுவில் ஒரு தீ விபத்து வரும். கம்பெனி ஒருமுறை கைவிட்டுப் போகும். சர்க்கரைக்காரர்களோடு ஐந்து வருடம் வழக்காட வேண்டும். 7.8 கோடி டாலர் கொடு என்று ஒரு ஜூரி சொல்லும். இவ்வளவும் பட்டு முடித்தபின் நீங்கள் பாதிரியாராக ஆகியிருக்க மாட்டீர்கள். இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் அடுக்கி வைத்திருக்கும் 'ஜெயிப்பது எப்படி' நூல்கள் கடைசிப் பக்கம் வரை இதைச் சொல்வதில்லை.

நமக்கு மாதிரி டாம் மோனகன். தம்பியோடு சேர்ந்து டோமினோஸ் பீட்சாவைத் தொடங்கியவர். 1937 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் பிறந்தார். இவர் கதையை நிர்வாகவியல் வகுப்புகளில் உழைப்பு, விடாமுயற்சி, நம்பிக்கை என்று கூறு போட்டு நடத்துவார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. பையனாக இருக்கும்போது அவருக்கு மூன்று ஆசைகள் இருந்தன. மூன்றும் கைகூடவில்லை. பிற்பாடு பீட்சாப் பணத்தில் மூன்றையும் விலைக்கு வாங்கப் பார்த்தார். இந்தக் கையேடு அந்த வரிசையிலேயே போகிறது.

தேவையான பொருட்கள்

முதலில் வறுமை. இந்த வகை நூல்களில் வறுமையை உப்பு மாதிரி 'தேவையான அளவு' என்று எழுதுவது மரபு. மோனகனுக்கு அளவு கேட்டுப் போடவில்லை. நான்கு வயதில், 1941 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அப்பா இறந்தார். அம்மாவால் இரண்டு பையன்களை வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. டாமும் தம்பி ஜிம்மும் ஜாக்சன் நகரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அனாதை விடுதிக்குப் போனார்கள். இந்தப் படியைப் பின்பற்ற வேண்டாம். இது அவர் தேர்ந்தெடுத்தது இல்லை. யாரும் தேர்ந்தெடுப்பதும் இல்லை. வெற்றிக்கதை எழுதுபவர்கள்தான் பின்னால் வந்து இதை முதலீடு என்ற கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

அடுத்து, மனத்தில் நிற்கிற ஒரு ஆசிரியர். விடுதியில் சிஸ்டர் பெரார்டா என்று ஒருவர் இருந்தார். வளர்ந்து என்ன ஆகப் போகிறாய் என்ற பேச்சு வந்தபோது பையன் மூன்று சொன்னான்: பாதிரியார், கட்டிடக் கலைஞர், டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். கடைசியாகச் சொன்னது பேஸ்பாலில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று, பாய்ந்து பாய்ந்து பந்து பிடிக்கிற இடம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. இதுவரை யாரும் இந்த மூன்றையும் சேர்த்து ஆனதில்லை, அதனால் ஆக முடியாது என்றும் இல்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னார். டாமுக்கு அது ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

ஆசைகளைக் கவனியுங்கள். மூன்றில் ஒன்றுகூடச் சாப்பாடு சம்பந்தப்பட்டது இல்லை.

தோற்கும் முறை

பதின்ம வயதில் குருமடத்தில் சேருங்கள். தலையணைச் சண்டை போடுங்கள், ஜெபக்கூடத்தில் பேசுங்கள். ஒரு வருடம் முடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாதிரியார் ஆசை முடிந்தது.

பிறகு ராணுவத்தில் சேரப் போங்கள். போகும்போது பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டாம். மோனகன் 1956-இல் தரைப்படை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டது மரைன் படையில். அங்கே பயிற்சி எப்படிப்பட்டது என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு 1959-இல் வெளியே வந்தார். வழியில் பழக்கமான ஒருவர் எண்ணெய்க் கிணற்றில் போட்டால் பெருகும் என்றார். போட்டார். பெருகியது எண்ணெய்க்காரருக்கு. வெறுங்கையோடு ஊர் வந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலைக்குச் சேர்ந்தார். புத்தகம் வாங்கக் காசில்லை. படிப்பு நின்றது. இரண்டாவது ஆசையும் முடிந்தது. ஷார்ட்ஸ்டாப் ஆசையைத் தனியாகத் தோற்கடிக்க வேண்டியிருக்கவில்லை. அது ஆட்டம் தெரிந்தவர்களுக்கான வேலை.

இருபத்து மூன்று வயது. கைவசம் ஒன்றும் இல்லை. இப்போது தம்பி வருகிறார்.

கடை வாங்கும் முறை

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பீட்சாக் கடை என்ற யோசனை டாமுடையது இல்லை, ஜிம்முடையது. ஜிம் தபால்காரர். இப்சிலாண்டி என்ற பக்கத்து ஊரில் கல்லூரிக்கு அருகில் 'டொமினிக்ஸ்' என்று ஒரு சின்னக் கடை விலைக்கு வந்தது அவருக்குத்தான் தெரியும். தனியாக இறங்கப் பயமாக இருந்ததால் அண்ணனைக் கூப்பிட்டார். சில நூறு டாலர் கடன் வாங்கினார்கள். டொமினிக் டிவார்ட்டி என்ற உரிமையாளர் பதினைந்து நிமிடத்தில் பீட்சா செய்யச் சொல்லிக் கொடுத்தார். சாஸ் முக்கியம் என்றார். பயிற்சி அவ்வளவுதான். 1960 டிசம்பரில் கடை திறந்தது. முதல் வார வசூல் 99 டாலர்.

ஆக, உலகத்தின் மிகப் பெரிய பீட்சாக் கம்பெனிக்கான தொழில்கல்வி கால் மணி நேரம். வருடக்கணக்கில் ஹோட்டல் மேலாண்மைக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

கூட்டாளியைக் கழட்டும் முறை (அல்லது, கழன்றுகொள்ளும் முறை)

கடை திறந்து எட்டு மாதம். லாபம் என்று எதுவும் கண்ணில் படவில்லை. அண்ணன் படிப்பை விட்டுவிட்டுக் கடையிலேயே கிடக்கிறார். தம்பிக்குத் தபால் வேலை இருக்கிறது. சர்க்கார் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். பகலில் கடிதம் கொடுத்துவிட்டு ராத்திரி மாவு தட்டுவதா என்று யோசித்தார். பாதிப் பங்கை அண்ணனுக்கே கொடுத்துவிட்டு, பதிலுக்கு டெலிவரிக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய வோல்க்ஸ்வேகன் பீட்டில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

1998-இல் அந்தக் கம்பெனி ஏறக்குறைய 100 கோடி டாலருக்குக் கைமாறியது. இதை வைத்து ஜிம்மைக் கேலி செய்யாத வணிக எழுத்தாளர் இல்லை. பீட்டில் காரின் விலையையும் பாதிக் கம்பெனியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பார்த்தீர்களா பொறுமை இல்லாதவன் கதியை என்பார்கள்.

நான் ஜிம் கட்சி. 1961-இல் ஜிம் முன்னால் இருந்தது 100 கோடி டாலர் இல்லை. கடன், வெந்துபோன விரல்கள், ராத்திரி ரெண்டு மணிக்குக் கழுவ வேண்டிய பாத்திரங்கள், இவற்றோடு ஓடுகிற நிலையில் ஒரு கார். அந்த வருடம் அமெரிக்காவில் கூட்டாகப் பீட்சாக் கடை போட்டவர்களில் எத்தனை பேர் காரை எடுத்துக்கொள்ளாமல் பங்கை வைத்துக்கொண்டு கடைசியில் பங்கும் இல்லாமல் காரும் இல்லாமல் போனார்கள் என்று யாரும் புத்தகம் போடவில்லை. அவர்கள் எந்த வகுப்பிலும் பாடமாக வருவதில்லை. அண்ணனுக்கே அடுத்த பத்து வருடத்தில் கம்பெனி ஒருமுறை கையைவிட்டுப் போனது. தம்பி விலகாமல் இருந்திருந்தால் அந்தக் கடனில் பாதி அவர் தலையிலும் விழுந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. ஜிம் பாதிக்குப் பாதி உட்கார்ந்திருந்தால் டாம் பின்னால் எடுத்த பைத்தியக்கார முடிவுகளுக்கு வீட்டிலேயே ஒரு எதிர்ப்பு ஓட்டு இருந்திருக்கும். டோமினோஸ் என்று ஒன்று வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

எனவே இந்தப் படிக்கான அறிவுரை: உங்கள் கூட்டாளி கார் கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள். நீங்கள்தான் கேட்கிறவர் என்றால் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாம் இந்தப் பாடத்தை உடனே மறந்தார். மறுபடி ஒரு கூட்டாளியைச் சேர்த்தார், மறுபடி பாதிப் பங்கு கொடுத்தார். அது முடிந்தபோது கூட்டாளி திவால், கடன் முழுக்க டாம் பெயரில். இந்த முறை கொடுத்து அனுப்பக் காரும் இல்லை.

ஆறு அங்குலத்தை ஒழிக்கும் முறை

இந்தக் கையேட்டில் நிஜமாகவே உபயோகமுள்ள பகுதி இது ஒன்றுதான். உங்களுக்குப் பீட்சாவில் ஆர்வம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

கடையில் ஆறு அங்குலச் சின்ன பீட்சாவும் விற்றார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தோதான விலை, அதனால் நிறையப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேலைக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. இருக்கிற ஆளை வைத்துச் சமாளிக்க முடியாது என்று மோனகன் அன்றைக்கு மட்டும் ஆறு அங்குலம் கிடையாது என்று சொல்லிவிட்டார். ராத்திரி கடையைச் சாத்திக் கணக்குப் பார்த்தால், ஆள் குறைவு, ஆனால் வசூல் நன்றாக இருந்தது. வேலையும் திணறாமல் நடந்திருந்தது.

காரணம் எளிது. சின்ன பீட்சாவுக்கும் பெரிய பீட்சாவுக்கும் மாவு தட்டுகிற நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அடுப்பில் வைத்து எடுப்பதும் அப்படியே. பெட்டி ஒன்று, தொலைபேசி அழைப்பு ஒன்று, கார் போய் வருகிற தூரம் ஒன்று. வருகிற காசு மட்டும் பாதி. அதாவது கடையில் எது அதிகம் விற்கிறதோ அதுதான் கடையைத் தின்றுகொண்டிருந்தது. ஆள் வராமல் போன ஒரு ராத்திரி இல்லாவிட்டால் அவர் இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டார். மேலாண்மைப் புத்தகங்களில் இது 'கூர்ந்த கவனம்' என்று வரும். நடந்தது, சமையல்காரர் மட்டம் போட்டது.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தார். சாண்ட்விச் போயிற்று. உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் போயிற்று. ஒரே வகை பீட்சா, இரண்டு அளவு, குடிக்கக் கோக். பல வருடங்களுக்கு டோமினோஸ் பட்டியல் இவ்வளவுதான். நாற்காலி இல்லாததால் பெரிய தெருவில் பெரிய வாடகைக்கு இடம் தேவையில்லை. கல்லூரி வாசலிலும் ராணுவ முகாம் ஓரத்திலும் ஒரு சந்து கிடைத்தால் போதும். மெல்லிய அட்டைப்பெட்டி நீராவியில் நமுத்து மேல்மூடி சீஸில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் தாங்காது. உள்ளே நெளிவு வைத்த கெட்டி அட்டையில் பெட்டி செய்யவைத்தார். இன்று உலகம் முழுக்கப் பீட்சா வருகிற பெட்டியின் வம்சம் அதுதான். சோற்றைவிடச் சோறு போகிற வழியைப் பற்றி அதிகம் யோசித்த மனிதர் அவர். டோமினோஸ் பீட்சா ருசியில் முதலிடம் என்று அந்தக் காலத்தில் அவர்கள் விளம்பரக்காரர்களே வாய்விட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

இதே காலத்தில் சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதி ஒன்றுக்குப் பீட்சா கொண்டுபோன இடத்தில் வரவேற்பில் இருந்த மாணவியைப் பார்த்து, 1962-இல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். டெலிவரியை மற்றவர்களிடம் விடும்முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயர், தீ, கடன் (வேகமாக)

பழைய உரிமையாளர் தன் பெயரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. டெலிவரிப் பையன் ஒருவர் 'டோமினோஸ்' என்றார். 1965-இல் அதுவே பெயர். சின்னத்தில் மூன்று புள்ளிகள், அப்போது இருந்த மூன்று கடைகளுக்காக. கடை கூடக் கூடப் புள்ளி கூட்டுவதாகத் திட்டம். நல்ல வேளை, யாரோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1980-களின் கடைசியில் கடைகள் 5,000.

1968-இல் தலைமையகமும் மாவுக்கிடங்கும் இருந்த கட்டிடம் எரிந்தது. அதைத் தாண்டியதும் மோனகன் கண்மண் தெரியாமல் கடைகளைத் திறந்தார். 1970-இல் கடன் சுமார் 15 லட்சம் டாலர் ஆகி, கம்பெனி வங்கியின் கைக்குப் போனது. வங்கிக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்து மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கடன்காரர்கள் வரிசையாக நின்றார்கள், அவர் வரிசையாகக் கொடுத்து முடித்தார். இது பெரிய காரியம், சந்தேகமில்லை.

1975-இல் டோமினோ என்ற பெயரில் சர்க்கரை விற்கும் ஆம்ஸ்டார் கம்பெனி வழக்குப் போட்டது. ஜனங்கள் சர்க்கரையையும் பீட்சாவையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்களாம். கீழ்க்கோர்ட்டு ஆமாம் என்றது. புதிய கடைகளுக்குக் கொஞ்ச காலம் வேறு பெயர் வைக்க வேண்டி வந்தது. 1980-இல் மேல்முறையீட்டு மன்றம், யாரும் குழம்பவில்லை என்று தீர்த்தது.

முப்பது நிமிடம்

இந்தப் படியில் சிரிப்புக் கொஞ்சம் குறையும்.

முப்பது நிமிடத்தில் பீட்சா வராவிட்டால் இலவசம். பிற்பாடு மூன்று டாலர் தள்ளுபடி என்று மாறியது. இந்த ஒரு வரிதான் டோமினோஸை உலகம் அறிந்த பெயராக்கியது. அதற்குப் பின்னால் கணக்கு இருந்தது. மாவு கிடங்கிலிருந்து உருண்டையாகவே வந்துவிடும். கடையில் தட்டி, சாஸ் தடவி, சீஸ் தூவி, அடுப்பில் விட்டு, வெட்டிப் பெட்டியில் போடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு கடைக்கும் எல்லை வரைந்திருப்பார்கள், சில நிமிட ஓட்டத்தில் கடைசி வீட்டைத் தொட்டுவிடுகிற மாதிரி. சூடு போகாத பை. சுவரில் தெரு வரைபடம். மிச்சப்படுத்துகிற நேரமெல்லாம் சமையலறையில்தான், வண்டி ஓட்டுகிறவரை வேகமாகப் போகச் சொல்வதே இல்லை என்று கம்பெனி அடித்துச் சொன்னது.

காகிதத்தில் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் தொலைபேசி எடுக்கத் தாமதம் ஆகும். அடுப்பில் இடம் இருக்காது. சமையல்காரர் வேறு பீட்சாவில் இருப்பார். இப்படிச் சமையலறையில் தொலைந்த நிமிடங்களைச் சாலையில்தான் தேட வேண்டும். தேடுகிறவர் பதினெட்டு, இருபது வயதுப் பையன். ஓட்டுவது சொந்தக் கார். கடிகாரம் யாருக்காக ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும். வாடிக்கையாளர் கதவைத் திறக்கும்போது சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் காட்டுவாரே, அவருக்கும் தெரியும்.

1989-இல் செயின்ட் லூயிஸ் நகரில் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த ஒரு டெலிவரிக் கார் ஒரு பெண்மணியின் வண்டியில் மோதியது. 1993 டிசம்பரில் ஜூரி 7.8 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. பின்னால் அதைவிடக் குறைந்த தொகைக்குச் சமரசம் ஆயிற்று. அந்த மாதமே அமெரிக்காவில் முப்பது நிமிட வாக்குறுதியை மோனகன் நிறுத்தினார். அதற்கு முன்பும் விபத்துகள் நடந்திருந்தன, வழக்குகள் வந்திருந்தன. நிறுத்துவதற்கு அவ்வளவு பெரிய எண் தேவைப்பட்டது.

டோமினோஸ் 1996-இல் இந்தியாவில் முதல் கடையை டெல்லியில் திறந்தது. அமெரிக்காவில் கைவிட்ட அதே வாக்குறுதி இங்கே விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் வந்தது. மழைநாளில் ஹெல்மெட்டோடு லிஃப்டுக்குக் காத்திருக்கிற பையனைப் பார்த்து, இருபத்தொன்பது நிமிடம் ஆச்சு என்று பால்கனியிலிருந்து சொன்னவர்கள் நம்மிலும் உண்டு. இந்தப் படிக்கு அறிவுரை எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வேடிக்கையாக வரவில்லை. அடுத்ததற்குப் போகிறேன்.

ஆசைகளை விலைக்கு வாங்கும் முறை

பணம் வந்துவிட்டது. பழைய பட்டியலை எடுங்கள்.

ஷார்ட்ஸ்டாப் ஆக முடியவில்லையா? அணியையே வாங்குங்கள். 1983-இல் 5.3 கோடி டாலருக்கு டெட்ராய்ட் டைகர்ஸ் மோனகன் வசம் வந்தது. மறுவருடமே அணி உலகத் தொடரை வென்றது. அந்த வெற்றியில் அவருக்கு என்ன பங்கு என்று கேட்டால், முந்தைய உரிமையாளர் நல்ல ஆட்டக்காரர்களாகச் சேர்த்து வைத்திருந்த நேரத்தில் காசோலை எழுதியதுதான். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் வேறொருவர் ஆடிக்கொண்டிருந்தார். உரிமையாளர் நாற்காலியிலிருந்து அந்த இடத்தை நன்றாகப் பார்க்கலாம்.

கட்டிடக் கலைஞர் ஆக முடியவில்லையா? பெரிய கட்டிடக் கலைஞர் ஒருவர் விட்டுப்போனதையெல்லாம் வாங்குங்கள். மோனகனுக்கு ஃபிராங்க் லாயிட் ரைட் என்றால் உயிர். அவர் வடிவமைத்த நாற்காலி, விளக்கு, ஜன்னல் கண்ணாடி என்று ஏலத்தில் அள்ளினார். 1987-இல் ஒரு சாப்பாட்டு மேஜைக்கும் அதன் நாற்காலிகளுக்கும் கொடுத்த விலை 16 லட்சம் டாலர். வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல்கூடப் போடாமல் சம்பாதித்த பணத்தில்!

ரைட்டின் பாணியில் ஆன் ஆர்பர் ஓரத்தில் தலைமையகம் கட்டினார். தாழ்ந்து நீண்டுகொண்டே போகிற செம்புக்கூரைக் கட்டிடம். சுற்றிலும் மேய்வதற்குக் காட்டெருமைகள். பக்கத்தில் முப்பது மாடிக்கும் மேல் உயரமாக, வேண்டுமென்றே சாய்ந்த ஒரு கோபுரமும் வருவதாக இருந்தது. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தில் அது அஸ்திவாரக் கோளாறு. இங்கே பொறியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சாய்க்க வேண்டும். ஐம்பது அடி மாதிரி ஒன்று எழும்பியதோடு அது நின்றது. அந்த மாதிரியும் சாய்ந்துதான் நின்றது.

இதோடு, பட்டியலில் இல்லாத ஒரு சாமான். உலகில் ஆறு மட்டுமே எஞ்சியிருக்கிற புகாட்டி ராயல் காரில் ஒன்றை 81 லட்சம் டாலருக்கு வாங்கினார். தம்பி கொண்டுபோன காருக்கு ஈடாக என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பாத்திரம் குறைந்ததை ஆயுசுக்கும் மறக்காத அம்மாக்களை எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு அத்தியாயம் படிக்கும் முறை

இந்த நேரம் பார்த்து யாராவது உங்கள் கையில் நல்ல புத்தகம் கொடுப்பார்கள். கவனம். மோனகன் சி. எஸ். லூயிஸ் எழுதிய 'மியர் கிறிஸ்டியானிட்டி' படித்தார். அதில் கர்வத்தைப் பற்றி ஒரு அத்தியாயம். மற்றவனைவிட அதிகம் வைத்திருப்பதில்தான் கர்வத்துக்கு ருசி என்று அதில் வருகிறது. படித்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு நாள் தான் உழைத்ததே அடுத்தவனைவிடப் பெரிதாகத் தெரியத்தான் என்று பட்டுவிட்டது.

பல பேருக்கு இப்படிப் படும். காலையில் சரியாகிவிடும். இவருக்குச் சரியாகவில்லை. ரைட் பாணியில் கட்டிக்கொண்டிருந்த மாளிகையைப் பாதியில் நிறுத்தினார். விமானம், படகு, புகாட்டி எல்லாம் விற்பனைக்குப் போயின. சேகரித்த மேஜை நாற்காலிகளும் மெல்ல மெல்லப் போயின. 1992-இல் டைகர்ஸையும் 8.5 கோடி டாலருக்கு விற்றார். யாருக்கு என்பதுதான் அழகு. அதே மிச்சிகனில், மனைவியோடு சேர்ந்து லிட்டில் சீசர்ஸ் பீட்சாவைத் தொடங்கிய மைக் இலிச்சுக்கு. தொழிலில் எதிரி. அவரும் முன்னாள் மரைன். டைகர்ஸின் கீழ்நிலை அணிகளில் நிஜமாகவே ஆடியவர்.

நான் இந்த இடத்தில் மோனகனை நம்புகிறேன். விளம்பரத்துக்காகச் செய்கிறவர் புகாட்டியை விற்கும்போது புகைப்படக்காரரைக் கூப்பிடுவார், வீட்டைப் பாதியில் நிறுத்த மாட்டார். பாதி வீடு கண்ணுக்கு அசிங்கம். ஆனால் இவருக்குப் பெரிதாகச் செய்கிற பழக்கம் போகவில்லை. வறுமை விரதம் எடுத்தாலும் கோடீஸ்வரரின் வறுமை விரதமாகத்தான் வந்தது. நிகராகுவாவின் தலைநகரில் புதிதாக எழுந்த பேராலயத்துக்குப் பணம் கொடுத்தார். கத்தோலிக்கத் தொழிலதிபர்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்கெனவே அமைத்திருந்தார். 1998-இல் கம்பெனியின் பெரும்பங்கை, மிட் ராம்னி தலைமையில் இருந்த பெயின் கேப்பிடல் என்ற முதலீட்டுக் கம்பெனிக்கு ஏறக்குறைய 100 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டு, பட்டியலில் மிச்சமிருந்த முதல் ஆசையைக் கையில் எடுத்தார்.

ஊர் கட்டும் முறை

பாதிரியார் ஆவதற்குக் கல்யாணம் தடை. நான்கு மகள்கள் வேறு. எனவே பாதிரியார்கள் வந்து பூசை வைக்க ஓர் இடம் கட்டலாம். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றை ஆன் ஆர்பரிலேயே, தன் தலைமையக நிலத்தில், 250 அடி உயரச் சிலுவையோடு நிறுவப் பார்த்தார். உள்ளூராட்சி மண்டலச் சட்டத்தைக் காட்டி 2002-இல் மறுத்துவிட்டது. காட்டெருமைக்கு அனுமதி உண்டு, சிலுவைக்கு இல்லை.

வீட்டுக்கு அனுமதி மறுத்தால் நாம் கவுன்சிலரைப் போய்ப் பார்ப்போம். மோனகன் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பெரிய நிலக்கம்பெனி பல்கலைக்கழகத்துக்கு இடம் கொடுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து தக்காளி வயல் நடுவே 'ஆவே மரியா' என்று ஓர் ஊரையே எழுப்பினார்கள். ஊரின் மையத்தில் தேவாலயம். இரும்பு விலா எலும்புகள் வெளியே தெரிகிற மாதிரி உயர்ந்து நிற்கிற கட்டிடம். வடிவத்தைப் பற்றி மோனகன் சொன்னதெல்லாம் கேட்டால், பாதிரியார் ஆசையும் கட்டிடக் கலைஞர் ஆசையும் ஒரே கட்டிடத்தில் தீர்ந்த மாதிரி இருக்கும். வளாகம் 2007-இல் திறந்தது. அப்போது அவரே பல்கலைக்கழகத்தின் வேந்தர்.

ஊர் கட்டுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஊர் எழும்பும் முன்பே மோனகன், இங்கே மருந்துக்கடையில் கருத்தடைச் சாதனம் விற்காது, கேபிள் டிவியில் ஆபாசம் வராது என்று பேசினார். ஒரு பீட்சாவில் எது போட வேண்டும், எது போடக் கூடாது என்று முப்பத்தெட்டு வருடம் தீர்மானித்தவருக்கு அது இயல்பாக வந்திருக்கும். குடிமை உரிமை அமைப்புகள் சட்டப் புத்தகத்தைத் திறந்தன. விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் முடியும், கட்டாயமில்லை என்று பின்வாங்க வேண்டியதாயிற்று. இப்போது அங்கே கோல்ஃப் மைதானம் இருக்கிறது, நீர்விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர்கள் வரிசையாக வீடு வாங்குகிறார்கள். பூசை நேரம் எத்தனை மணிக்கு என்று தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. அதற்கு இந்தக் கையேட்டில் பரிகாரம் எதுவும் எழுதப்படவில்லை.